மசில் என்ற சொல்லுக்குள் ஓடும் எலி

"பிறப்பு தெரிந்த பிறகு மறக்கவே முடியாமல் போன ஆங்கிலச் சொல் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது 'மசில்' (muscle), அதாவது தசை.

பள்ளியில் இதை எழுதும்போதெல்லாம் நடுவில் வரும் ஆங்கில 'சி' (c) எழுத்தை விட்டுவிடுவேன். வாயில் வராத எழுத்து ஏன் இருக்கிறது என்று கேட்டால், அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்பார்கள். பல வருடம் கழித்து அகராதியில் வேறெதையோ தேடப்போய், இந்தச் சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த சொற்பிறப்புக் குறிப்பைப் படித்தேன். லத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, அதோடு 'குலுஸ்' ஒட்டினால் குட்டி என்று ஆகிவிடும், ஆக 'மூஸ்குலுஸ்' என்றால் குட்டி எலி! அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து மசில் ஆனது. நான் விட்டுவிட்டு எழுதிய அந்த 'சி', குலுஸில் இருந்த 'கு'வின் மிச்சம். 'மஸ்குலர்' (muscular) என்று சொல்லிப் பாருங்கள், அங்கே அது இன்னும் வாய்விட்டே ஒலிக்கிறது. அன்றிலிருந்து எனக்கு அந்த எழுத்து தப்பியதே இல்லை.

சரி, தசைக்கு எதற்கு எலி? சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கையை மெதுவாக மடக்குங்கள். தோலுக்கு அடியில் ஓர் உருண்டை மேலே ஏறும், கையை நீட்டினால் இறங்கி ஒளிந்துகொள்ளும், போர்வைக்குள் புகுந்த எலி மாதிரியே. கிரேக்கர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது, எலிக்கும் தசைக்கும் அவர்களிடம் ஒரே சொல். தசைவலியை 'மயால்ஜியா' என்றும் இதயத் தசையை 'மயோகார்டியம்' என்றும் டாக்டர்கள் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். ஆங்கில 'மௌஸ்', லத்தீன் 'மூஸ்', சமஸ்கிருதத்திலிருந்து நம்மிடம் வந்த 'மூஷிகம்' எல்லாமே ஒரே வேரில் பிறந்தவை என்பது தெரிந்தபோது, தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் நம் கெண்டைக்காலைப் பற்றி யோசித்தேன். கெண்டை என்பது மீனுக்கும் பெயர். நடு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்போது கையை வைத்துப் பாருங்கள், உள்ளே ஒரு மீன் கிடந்து துள்ளுவது போலத்தான் இருக்கும்.