கேளுங்கள், சொல்கிறோம்: பூட்டன் ஏறிய சேணம்

கேள்வி: என் பூட்டனார் உடையாராக (பிரித்தானியர் காலத்து ஊரதிகாரி) இருந்த காலத்தில் ஏறிய குதிரைச் சேணம் வீட்டில் இருக்கிறது. இடப்பக்கத் தோலில் ஒரு வட்ட முத்திரை. அதில் கடைசி நாலு ஆங்கில எழுத்து மட்டும் தெரிகிறது: எஸ், ஏ, எல், எல். செய்தவரைக் கண்டுபிடிக்கலாமா? எண்ணெய் பூசினால் மற்ற எழுத்துகளும் தெளியுமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். எண்ணெய் ஊறினால் தோல் கறுத்து உப்பி, பதிந்த எழுத்து இன்னும் மங்கிவிடும். தேங்காய் எண்ணெய் என்றால் மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு இருட்டறையில், ரோச் வெளிச்சத்தைத் தோலோடு ஒட்டினாற்போல் சாய்த்து, நாலு பக்கமிருந்தும் அடித்துப் படமெடுங்கள்.

அந்த நாலு எழுத்தும் பெரும்பாலும் 'வோல்சல்' என்பதன் கடைசிப் பகுதி. இங்கிலாந்தில் சேணத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. ஆனால் ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்ததாகாது. பட்டறைகள் அங்கே ஏராளம். அவர்கள் செய்ததை வாங்கித் தங்கள் பெயரைக் குத்தி விற்ற கடைகளும் உண்டு. ஆகவே லண்டன், கொழும்பு என்று வேறொரு முத்திரை கிடைத்தால், அது விற்றவருடையதா செய்தவருடையதா என்று முதலில் கேளுங்கள்.

அங்கவடியிலுள்ள (ஏறுபவர் கால் வைக்கும் வளையம்) பெயரை நம்பவேண்டாம். அங்கவடியும் வாரும் தேயத் தேய மாற்றப்படுபவை. அங்கவடி வார் கொளுவும் இரும்பு வேறு கதை. அதை மூடியிருக்கும் சிறிய தோல் மடலைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சட்டத்தோடு அது தறையப்பட்டிருப்பதால் லேசில் மாறாது. அதிலுள்ள பெயர் இரும்பு வேலை செய்தவருடையதாக இருக்கலாம். ஆனாலும் காலம் சொல்லும். 'ஆர்டி' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருந்தால் அது பிரித்தானிய வடிவமைப்புப் பதிவு எண். அந்த வரிசை 1884இல் தொடங்கியது. பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பதிவான ஆண்டுக்கு முன் அந்த இரும்பு செய்யப்பட்டிருக்காது. அகன்ற அம்புக்குறி இருந்தால் அரச, இராணுவச் சாமான். அம்புக்கு மேல் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து நின்றால் இந்திய அரசுடையது. அப்போது இந்தியாவின் கான்பூர் அரச சேணத் தொழிற்சாலையையும் நினைவில் வையுங்கள்.

பெயரும் தெருவும் கிடைத்தால், வோல்சல் அப்போது அடங்கியிருந்த ஸ்டாஃபோர்ட்ஷயரின் பழைய வணிகக் கையேடுகளை ஆண்டுவாரியாகப் புரட்டுங்கள். முகவரி எப்போது மாறியது, பெயரோடு 'அன்ட் சன்ஸ்', 'லிமிட்டெட்' எப்போது சேர்ந்தது என்று பார்த்தால் காலம் சுருங்கிவிடும். கொழும்புக் கடை என்றால், இலங்கைக்கான அத்தகைய கையேடான ஃபேர்குசன் டிரெக்டரியின் பழைய தொகுதிகள்.

கேள்வி: எங்கள் சேணத்தைத் தொட்டால் கையில் சிவப்புத் தூள் ஒட்டுகிறது. ஆணிகளைச் சுற்றிப் பச்சையாக மெழுகுபோல் ஏதோ.
- வாசகர், நெடுங்கேணி

பதில்: சிவப்புத் தூள், பட்டையில் பதனிட்ட தோல் அமிலத்தால் சிதைவது. மீட்க முடியாது. ஈரத்துணி பட்டால் கறுத்து இறுகிவிடும். பச்சை, பழைய எண்ணெய் பித்தளையோடு சேர்ந்து உண்டான களிம்பு. ஈர்க்குத் துண்டால் சுரண்டி எடுங்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பொலித்தீனில் சுற்றாமல், பழைய வேட்டியைத் தடிப்பாகச் சுருட்டி அதன்மேல் இருத்தி வையுங்கள். தூக்கும்போது வயிற்று வாரைப் பிடித்துத் தூக்கினால் தையலோடு கையில் வரும்.