கேப்ஸ் லாக் விளக்கு கண்சிமிட்டினால்?

கேள்வி: என் டெஸ்க்டாப் 2008இல் வாங்கியது. கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம், டெபியன் லினக்ஸ். தினமும் இரண்டு மூன்று தடவை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகராது, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது. பழைய மெஷினுக்கு ஏற்றமாதிரி கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்தால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. செய்யலாமா?
(ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: செய்யலாம். ஆனால் தம்பி சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அந்த விளக்கு கண்சிமிட்டுவது கெர்னல் பேனிக்கின் அடையாளம், அதாவது கெர்னல் மீள முடியாத பிழையில் சிக்கி நின்றுவிட்டது. உங்கள் கீபோர்டு ஊதா நிற முனை கொண்ட பழைய பிஎஸ்/2 ரகமாக இருக்க வேண்டும், அதில்தான் பேனிக்கின்போது விளக்கு இப்படிச் சிமிட்டும். ஏன் விழுந்தேன் என்று கெர்னல் எழுதவும் செய்கிறது. டெஸ்க்டாப் படம் மறைத்துக்கொண்டு நிற்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. ஒருநாள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய் அப்படியே விட்டுவையுங்கள். விழுந்ததும் போனில் ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் பெயர் வந்தால் சந்தேகம் அதன்மேல். தடவைக்கு ஒரு பெயர் வந்தால் ரேம், அல்லது சூடு.

இந்த இடத்தில்தான் கம்பைல் உதவுகிறது, மருந்தாக அல்ல, சோதனையாக. ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாக மெல்லும் வேலை அது. ரேமையும் பிராசஸரையும் மணிக்கணக்கில் விடாமல் வாட்டும்.

2006இல் என் பென்டியம் 4 இப்படித்தான் படுத்தியது. கெர்னலின் மேல் பழியைப் போட்டுக் கம்பைல் செய்ய உட்கார்ந்தேன். முதல் தடவை சவுண்டு டிரைவரில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற மெமரிப் பிழையோடு நின்றது. மறுபடி ஓடவிட்டால் சவுண்டைத் தாண்டிப்போய் நெட்வொர்க்கில் நின்றது. மூன்றாம் தடவை இன்னோர் இடம். கோடில் தப்பிருந்தால் ஒரே வரியில் அல்லவா நிற்கும்? கேபினட்டைத் திறந்து, இரண்டு 256 எம்பி ரேமில் ஒன்றைக் கழற்றி, தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பலனில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சமிருந்த ஒன்றோடு ஓடவிட்டேன், விடிவதற்குள் முடிந்தது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த கெர்னலை ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. டெபியன் தந்த பழையதே நன்றாக ஓடியது.

அதனால் முதலில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ரேமை மாற்றுங்கள். அப்புறம் பிராசஸர் விசிறியில் அடைந்த தூசியை ஊதுங்கள்.

இரண்டும் சுத்தமாக இருந்து, டெபியன் கெர்னலின் பழைய பதிப்பு நன்றாக ஓடிப் புதியது மட்டும் விழுகிறது என்றால், அப்போது கம்பைலில் இறங்குங்கள். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த நேரத்தில் ஏறியிருக்கும் டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நேரம் வெகுவாக மிச்சம். ஆனால் அதற்கு முன்பே பிரிண்டர், பென் டிரைவ், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் செருகிவிடுங்கள். மறந்தால் நாளைக்குப் பிரிண்டர் ஓடாது, கெர்னலைத் திட்டுவீர்கள். பிழை தேடுவோருக்கான 'டீபக்' தகவலை அணைத்துவிடுங்கள். உங்கள் 2 ஜிபி அதைத் தாங்காது. கடைசியில் 'மேக் பின்டெப்-பேக்கேஜ்' கொடுத்து டெபியனில் நிறுவும் டெப் பேக்கேஜாகவே எடுங்கள், பிடிக்காவிட்டால் நீக்குவது சுலபம்.

பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள். புதியது 'ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை' என்ற பொருளில் புலம்பினால் பெரும்பாலும் டிஸ்க் டிரைவரை விட்டிருப்பீர்கள். மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழையதில் நுழையலாம்.

கேள்வி: பரணில் அப்பாவின் 386 (இன்டெலின் பழைய பிராசஸர் கொண்ட மெஷின்) கிடக்கிறது. புதுக் கெர்னல் ஏறுமா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஏறாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386இல்தான். இருந்தும் 2013இல் வந்த 3.8 பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டார்கள். உங்களுக்கு 3.7 வரைதான். அதையும் வேறு மெஷினில் கம்பைல் செய்து கொண்டுபோய் வையுங்கள். 386இலேயே ஓடவிட்டால் எத்தனை நாள் ஆகும் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போட்டுவிடலாம்.