1738இல் பிறந்த அமெரிக்க முன்னோரின் தந்தை யார்? குடும்ப பைபிள், அச்சுப் புத்தகம், இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் வம்ச மரம் மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: உங்கள் மனைவியின் தாய்வழி முன்னோர் ஜான், கனெக்டிகட்டில் வாழ்ந்து அங்கேயே இறந்தவர். குடும்பத்தின் பிறப்பு இறப்புகளை எழுதிவைத்த வீட்டு பைபிளில் அவர் பிறந்த நாள் 1738 பிப்ரவரி 10. 1890களில் அச்சான வம்ச வரலாற்றில் 1739 பிப்ரவரி 10. இணைய மரங்களில் 1741, மாசசூசெட்ஸ், தந்தை பெயரும் ஜான். கல்லறைக் கல்லில் "1811 ஏப்ரல் 21, தம் 73ஆம் வயதில்" என்று இருக்கிறது.

இதில் பைபிளும் புத்தகமும் முரண்படவே இல்லை. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான நாட்கள் பழைய ஆண்டின் வாலில்தான் இருந்தன. அதனால் அன்றைய எழுத்தர்கள் அந்த நாட்களை 1738/39 என்று இரட்டை ஆண்டாக எழுதுவது வழக்கம். பைபிள் முன்பாதியை வைத்துக்கொண்டது, புத்தகம் பின்பாதியை வைத்துக்கொண்டது. 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. 11 நாட்கள் காணாமல் போயின. ஜார்ஜ் வாஷிங்டன் 1731/32 பிப்ரவரி 11இல் பிறந்து, பிப்ரவரி 22இல் பிறந்தநாள் கொண்டாடப்படுவது இதனால்தான்.

இப்போது கல்லறைக் கல்லோடு ஒட்டிப் பாருங்கள். 1739 பிப்ரவரியில் பிறந்தவருக்கு 1811 ஏப்ரலில் 72 நிரம்பி 73 நடக்கிறது. நம் கணக்குப்படி 1738இல் பிறந்திருந்தால் 74 நடந்திருக்கும். கல்லில் இருப்பது நடப்பு வயது, நிரம்பிய வயது அல்ல. ஆகவே பைபிள், புத்தகம், கல் மூன்றும் ஒரே பிறப்பைத்தான் சொல்கின்றன. 1741 மட்டும் வெளியே நிற்கிறது. அது தாமதமாக நடந்த ஞானஸ்நானத் தேதியாக இருக்கலாம், அல்லது அவர் வேறொரு ஜானாக இருக்கலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஆனாலும் பைபிளை முழுசாக நம்புவதற்கு முன் தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1816இல் அச்சான பைபிளில் 1738 பிறப்பு இருந்தால், யாரோ பிற்காலத்தில் எடுத்தெழுதியது என்று பொருள். ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே வரிசையில் நாற்பது ஆண்டுப் பிறப்புகள் இருந்தால் எல்லாம் ஒரே உட்காரலில் எழுதப்பட்டவை. உங்கள் விஷயத்தில் ஒரு சாதகம் உண்டு. பிற்காலத்தில் நினைவிலிருந்து கணக்குப் போட்டு எழுதுபவருக்குப் பழைய முறை ஆண்டு தோன்றியிருக்காது. பழைய தாள் ஒன்றைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். நிரூபணம் இல்லை, ஆனால் நல்ல அறிகுறி. தலைப்புப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். அந்தப் பக்கம் இல்லாத பைபிள் பதிவுக்கு மதிப்பு பாதி போய்விடும்.

1890களின் வம்ச வரலாறுகள் கடிதம் எழுதி உறவினர்களிடம் பதில் வாங்கித் தொகுக்கப்பட்டவை. அதை எழுதியவரின் தாத்தா பாட்டி காலம் வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேலே, கப்பலில் வந்த முதல் ஆள் வரைக்கும் உள்ள இரண்டு மூன்று தலைமுறை ஊகமாகவே இருக்கும். "மூன்று சகோதரர்கள் கப்பலேறி வந்தார்கள்" என்ற வரி வந்தால் அந்த இடத்தில் சந்தேகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தே செய்த மோசடியும் உண்டு: குஸ்தாவ் ஆன்ஷூ (1863–1942) பணக்காரக் குடும்பங்களுக்கு உண்மை ஆவணங்களோடு போலி ஆவணங்களைக் கலந்து வம்சாவளி விற்றவர். அவர் கைபட்ட வம்சாவளிகள் இன்றும் இணைய மரங்களில் நகலெடுக்கப்படுகின்றன. இணைய மரங்களில் ஆதாரம் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இன்னொரு மரம்தான் ஆதாரமாக இருந்தால், எத்தனை மரம் இருந்தாலும் அது ஒரே ஆள் சொன்னதுதான்.

இனி தந்தையைத் தேடும் வேலை. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, 1738 வாக்கில் பிறந்த ஜான்களைத் தேடி, தேதி பொருந்துகிறவரை எடுத்து ஒட்டவைப்பது. பிறப்புப் பதிவில் பெயரும் தேதியும் பெற்றோரும் இருக்கும். அந்தக் குழந்தை பின்னாளில் எந்த ஊரில் என்ன ஆனான் என்று இருக்காது. முதலில் 1811இல் இறந்த ஜானை முழு ஆளாகக் கட்டி எழுப்புங்கள்: எந்த நிலம், எந்த மனைவி, என்ன தொழில், யார் பக்கத்து நிலத்துக்காரர், கையெழுத்தா கைநாட்டா. இவை கையில் இருந்தால்தான் அதே பெயருள்ள இன்னொருவரிடமிருந்து அவரைப் பிரிக்க முடியும்.

இதற்கு நிலப்பத்திரம்தான் முதுகெலும்பு. நம் ஊரில் வில்லங்கம் போட்டுத் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகிற அதே வேலைதான். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகியவற்றில் பத்திரங்கள் ஊர்வாரியாக, ஊர் எழுத்தரிடம் பதிவாயின. மாசசூசெட்ஸில் கவுண்டிவாரியாக, அதாவது பல ஊர்கள் சேர்ந்த மாவட்டவாரியாக. விற்றவர் பெயர் அட்டவணை, வாங்கியவர் பெயர் அட்டவணை என்று இரண்டு இருக்கும். இரண்டிலும் ஜான் பெயரில் உள்ள அத்தனையையும் எடுத்து ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். முதல் கிரயப் பத்திரத்தில் பெரும்பாலும் வாங்கும்போது அவர் எந்த ஊர்க்காரர் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்தான் அடுத்து எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று காட்டும்.

அவர் விற்ற நிலம் ஒன்று இருந்து, வாங்கிய பத்திரம் எங்கும் இல்லை என்றால் கவனியுங்கள். அது பிதுரார்ஜிதமாகவோ ஊர்ப் பொதுநிலத்தைப் பங்கிட்டபோதோ வந்திருக்கும், அல்லது பத்திரம் பதிவாகாமலே பெட்டியில் கிடந்திருக்கும். இருபது முப்பது வருடம் கழித்துப் பதிவான பத்திரங்கள் சாதாரணம், அதனால் இறந்த ஆண்டுக்குப் பின்னும் அட்டவணையைப் பாருங்கள். பணத்துக்குப் பதில் "அன்பு, பாசத்தின் பேரில்" என்று எழுதியிருந்தால் அது நம் தான செட்டில்மென்ட் மாதிரி. கொடுத்தவர் தந்தையாகவோ மாமனாராகவோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். நாலைந்து பேர் சேர்ந்து ஒருவருக்குப் பாத்தியதையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கிடைத்தால் புதையல் கிடைத்த மாதிரிதான். அவர்கள் உடன்பிறந்தவர்களும் மைத்துனர்களுமாக இருப்பார்கள்.

எல்லை விவரத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "ஒரு வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கு 45 பாகை கிழக்காக 40 ராட், ஒரு கற்குவியல் வரை" என்ற ரீதியில் இருக்கும். ஒரு ராட் 16.5 அடி, 4 ராட் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி, 160 சதுர ராட் ஒரு ஏக்கர். வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 10 ராட் என்று வைத்து, கோணமானியால் ஒவ்வொரு கோடாக வரையுங்கள். கடைசிக் கோடு முதல் புள்ளியில் வந்து சேரவேண்டும். சேரவில்லை என்றால் நகலெடுத்த எழுத்தர் ஒரு கோட்டை விட்டிருப்பார், அல்லது கிழக்கை மேற்கு என்று எழுதியிருப்பார். 1760 பத்திரமும் 1810 பத்திரமும் ஒரே வேலியைச் சில பாகை வித்தியாசமாகச் சொன்னால் பதற வேண்டாம், காந்த ஊசி காட்டும் வடக்கு காலப்போக்கில் நகரும். அந்த வடிவம் இன்னொரு பெரிய நிலத்தின் மூலையில் துண்டாகப் பொருந்தினால், அந்தப் பெரிய நிலத்துக்காரர் ஜானுக்கு யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அடுத்தது வாரிசுரிமை நீதிமன்றப் பதிவுகள். கனெக்டிகட்டில் இவற்றுக்குத் தனி மாவட்டப் பிரிவு. காலப்போக்கில் பிரிந்துகொண்டே போனது, ஆகவே உங்கள் ஊர் அந்த ஆண்டில் எந்தப் பிரிவில் இருந்தது என்று முதலில் பாருங்கள். தடித்த பேரேட்டில் இருப்பது உயிலின் நகல் மட்டுமே. உதிரித்தாள் கட்டு தனியாக இருக்கும். பழைய கட்டுகள் பல ஹார்ட்ஃபோர்டிலுள்ள மாநில நூலகத்தில் உள்ளன. கையெழுத்து, ரசீது, மகள்களின் கணவர் பெயர்கள் எல்லாம் அதில்தான்.

உயில் இல்லாமல் இறந்தவர் சொத்தில் மனைவிக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர் ஆயுள் வரை. மூத்த மகனுக்கு 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இரட்டைப் பங்கு. ஆகவே பாகப்பிரிவினையில் யாருக்கு இரண்டு பங்கு என்று பார்த்தாலே மூத்தவர் தெரிந்துவிடும். விதவை இறந்தபின் அவருடைய மூன்றிலொரு பங்கை மறுபடி பிரித்திருப்பார்கள், சில நேரம் இருபது முப்பது வருடம் கழித்து. அந்த இரண்டாவது பிரிவினையைப் பலரும் பார்ப்பதே இல்லை. பேரப்பிள்ளைகள் பெயர் வருவது அங்கேதான். கனெக்டிகட்டில் 14 வயது நிரம்பிய பையனும் 12 வயது நிரம்பிய பெண்ணும் தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம், அதற்குக் கீழே நீதிமன்றம் நியமிக்கும். இதிலிருந்து வயது கிடைக்கும். உயிலில் ஒரு மகனுக்கு ஐந்து ஷில்லிங் மட்டும் என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அவர் பங்கு முன்பே பத்திரத்தில் போயிருக்கும்.

இறந்தவரின் சொத்துப் பட்டியலில் மாடு, ஏர், மெத்தை வரிசையில் மனிதர்களின் பெயர்களும் விலையோடு வரலாம். கனெக்டிகட்டிலும் அடிமைமுறை இருந்தது. படிப்படியாக ஒழிக்கும் சட்டமே 1784இல்தான் வந்தது. அப்படிக் கண்டால் பெயர், வயது, எல்லாவற்றையும் அப்படியே எடுத்தெழுதிப் பொதுவில் பகிருங்கள். அந்த மனிதர்களின் சந்ததியாருக்கு அந்த ஒரு வரி மட்டுமே கிடைக்கக்கூடிய ஆவணமாக இருக்கலாம்.

சொற்கள் காலை வாரும். சீனியர், ஜூனியர் என்றால் தந்தை மகன் என்று அர்த்தமில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். கசின் என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம். மாமனார் என்று இன்று நாம் படிக்கும் ஃபாதர்-இன்-லா அன்று மாற்றாந்தந்தையையும் குறித்தது. உயிலில் வரும் மனைவி எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலி என்றால் மேரி, சாலி என்றால் சாரா, நான்சி என்றால் பெரும்பாலும் ஆன். ஜே, என், ஓ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் ஜான்தான், ஜோனத்தான் அல்ல.

பிறப்புகளுக்குக் கனெக்டிகட் ஊர்ப் பதிவுகளின் பார்பர் தொகுப்பு எளிதான வாசல். ஆனால் அது சுருக்கக் குறிப்பு. அசல் புத்தகப் பக்கத்தையும் பாருங்கள். பல குழந்தைகள் பதிவாகவே இல்லை. தேவாலயப் பதிவில் நான்கு குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் என்றால் அவர்கள் ஒரே பிரசவம் அல்ல, பெற்றோர் அன்றுதான் சபையில் சேர்ந்திருக்கலாம். வேறு ஊருக்குப் போனவர்களுக்குச் சபை கொடுத்த விடுப்புக் கடிதக் குறிப்பும், மாசசூசெட்ஸில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஊர் விட்டுப் போகச் சொல்லிக் கொடுத்த அறிவிப்பும் முந்தைய ஊரைச் சொல்லும். நிலமில்லாத ஏழைகள் விஷயத்தில் அந்த அறிவிப்பு பல நேரம் ஒரே சான்று.

மாசசூசெட்ஸ் ஜானை ஒதுக்க, அவர் பின்னாளில் என்ன ஆனார் என்று தேடுங்கள். குழந்தையிலேயே இறந்திருந்தால் பெற்றோர் அடுத்த மகனுக்கும் ஜான் என்றே பெயர் வைத்திருக்கக்கூடும். 1770இல் அவர் அங்கே மனைவி ஹன்னாவோடு நிலம் விற்க, உங்கள் ஜான் அதே ஆண்டில் கனெக்டிகட்டில் மனைவி ரூத்தோடு இருந்தால் வழக்கு முடிந்தது.

ஜான் 1811இலேயே இறந்ததால் 1818, 1832 ஆண்டுகளின் அமெரிக்கப் புரட்சிப் போர் வீரர் ஓய்வூதியச் சட்டங்களில் அவருக்கு மனு இருக்காது. ஆனால் தம்பியோ மகனோ 1832 சட்டப்படி மனு கொடுத்திருந்தால், எங்கே, எந்த ஆண்டு பிறந்தாய், வயதுக்கு என்ன பதிவு இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும். சில கட்டுகளில் பைபிள் பக்கத்தையே கிழித்து இணைத்திருக்கிறார்கள். 1790 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு.

டி.என்.ஏ. பரிசோதனை உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சாதாரணப் பரிசோதனை ஐந்தாறு தலைமுறைக்கு மேல் நம்பகமாகப் போகாது. ஜான் ஏழெட்டுத் தலைமுறை மேலே இருப்பார். அதோடு நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் தமக்குள் பலமுறை மணந்தவை, எனவே பொருத்தம் எந்த வழியில் வந்தது என்று பிரிப்பது கடினம். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய்-டி.என்.ஏ. உதவும், ஆனால் உங்கள் மனைவியிடம் அது கிடையாது. ஜானிலிருந்து மகன் வழியாகவே வந்து இன்றும் அதே குடும்பப் பெயரோடு இருக்கும் ஆண் ஒருவரும், சந்தேகப்படும் தந்தையின் இன்னொரு மகன் வழி ஆண் ஒருவரும் வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தத் தந்தை பெரும்பாலும் இல்லை. பொருந்தினால் ஒரே குடும்பம் என்பது மட்டும் தெரியும். தந்தையா சித்தப்பாவா என்பதைப் பத்திரம்தான் சொல்லவேண்டும்.

தேடலை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தொடங்கலாம். கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் இயந்திரம் படித்துத் தேடித்தரும் முழுஉரைத் தேடல் அங்கே இருக்கிறது. அட்டவணையில் வராத சாட்சிகளும் பக்கத்து நிலத்துக்காரர்களும் இதில் சிக்குவார்கள். அன்றைய எழுத்தில் எஃப் போலவே இருக்கும் நீள எஸ் எழுத்தை இயந்திரம் எஃப் என்று தவறாகப் படிக்கும், எனவே பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேடினால் உங்கள் ஜான் தவறான எழுத்தில் இருந்தாலும் அகப்படுவார்.

முதலில் 1811 சொத்துத் தாள்கட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது எல்லாத் தாள்களின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். மடித்த தாளின் வெளிப்புறத்தில்தான் எழுத்தர் வழக்கின் பெயரையும் தாக்கலான தேதியையும் எழுதியிருப்பார்.