முதல் செவிலியர் பணி, புதிய நகரம்: கேள்வி பதில்

பல்வேறு மொழி, இனத்தவர் வாழும் பெருநகரில் முதல் பணியில் சேரவிருப்போரின் கேள்விகளுக்கு, புதியவர்களுக்கு வார்டில் பயிற்சியளித்துவரும் மூத்த செவிலியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: பணி ஆணை வந்துவிட்டது. ஓராண்டு ஒப்பந்தத்தில் இப்போதே வீடு எடுக்கலாமா சிஸ்டர்?

பொறுங்கள். உங்கள் செவிலியர் பதிவு அங்கே செல்லுபடியாகும் என்பது எழுத்தில் உறுதியான பிறகே எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுங்கள். முதல் மாதம் தற்காலிகமாகத் தங்கி, ஷிப்ட் அட்டவணை கைக்கு வந்ததும், இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு எப்படித் திரும்புவீர்கள் என்பதை எண்ணிப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நோயாளியின் மொழி எனக்குத் தெரியாவிட்டால், உடனிருக்கும் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

போர்வை வேண்டுமா என்று கேட்பதற்கு அது போதும். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல், மருந்தின் அளவு, நோயின் பெயர் ஆகியவற்றுக்குப் போதாது. தாய் கலங்கிவிடுவாரே என்று மகன் பாதியை விழுங்கிவிடுவான். மகனுக்குத் தெரியக் கூடாதென்று தாயும் சிலவற்றை மறைப்பார். இரண்டும் அன்பினால் நடப்பவைதான், ஆனால் உங்கள் குறிப்பேட்டில் ஏறுவது தவறான தகவல். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை நேரிலோ தொலைபேசியிலோ அழையுங்கள். அவரைப் பார்த்துப் பேசாமல், நோயாளியைப் பார்த்து ஒவ்வொரு வாக்கியமாகப் பேசுங்கள். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆகவே, வீட்டில் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: பாடநூல்களில் பெரும்பாலும் வெளிர்நிறத் தோலின் படங்களைத்தான் பார்த்தேன். அது வேலையில் இடையூறாகுமா?

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்டிருக்க வேண்டும். படுக்கைப் புண்ணின் தொடக்க அறிகுறி சிவத்தல் என்று படித்திருப்பீர்கள்; கருந்தோலில் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம் என்பதால், அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, இறுகியோ தளர்ந்தோ இருக்கிறதா, வலிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்து தோல் நீலமாகும் நீலம் பாய்தலை உதட்டின் உட்புறத்திலும் நாக்கிலும் கீழிமையின் உட்புறத்திலும் தேடுங்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் முழுவதும் நம்பிவிட வேண்டாம்: 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அக்கருவி கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. எண் நன்றாக இருந்தும் நோயாளி மூச்சுக்குத் திணறினால், மருத்துவரிடம் சொல்லி, தமனி இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு சமூகத்தின் பழக்கங்களையும் முன்பே படித்துக்கொண்டு போகவா?

படிக்கலாம்; ஆனால் நோயாளியின் பெயரைப் பார்த்தே பழக்கத்தை முடிவு செய்யாதீர்கள். "சிகிச்சையில் நாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அடிக்கடி சந்தேகம் கேட்டால் திறமையற்றவள் என்று நினைத்துவிடுவார்களோ?

கேட்காத புதியவரைக் கண்டால்தான் எனக்குப் பயம். நடு இரவில் மருத்துவரை அழைக்கத் தயங்கினால், இப்போதைய நிலை, பின்னணி, நீங்கள் கணித்தது, அவரிடம் வேண்டுவது என்ற நான்கையும் இதே வரிசையில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. எழுதி முடிப்பதற்குள் குரல் நடுக்கமும் பெரும்பாலும் அடங்கிவிடும்.