ஒவ்வொரு கோடையிலும் நல்ல வீரர்களை விற்று, பயிற்சியாளரையும் மாற்றும் இத்தாலியக் கால்பந்துக் கழகத்தை ஆதரித்து என்ன பயன்?

சிசிலித் தீவின் பாலெர்மோவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழன் கண்ணில் இந்தக் கேள்வி பட்டுவிட்டது. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கழகத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் "சாம்பியன்ஸ் லீக்கில் இடம் பிடித்த கையோடு விற்கத் தொடங்கிவிட்டார்கள்" என்று விளக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் போலோஞ்ஞா ரசிகர் என்றுதான் நினைக்கிறேன். 2024 கோடையில் பயிற்சியாளர் தியாகோ மொத்தா யுவென்டஸுக்குப் போனார், வீரர்களில் சிர்க்சே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, கலாஃபியோரி ஆர்சனலுக்கு. உங்கள் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் அடுத்த ஆண்டே புதிய பயிற்சியாளர் இத்தாலியானோவின் கீழ் போலோஞ்ஞா இறுதியாட்டத்தில் மிலானை வென்று இத்தாலியக் கிண்ணமான கொப்பா இத்தாலியாவைத் தூக்கியது. 1974க்குப் பிறகு அந்தக் கிண்ணம் அந்த ஊருக்கு வந்ததே இல்லை. என் கழகமான பாலெர்மோவும் ஒவ்வொரு கோடையும் விற்றது, பயிற்சியாளர்களை மாற்றியது. 2019இல் தொழில்முறைப் போட்டிகளிலிருந்தே வெளியேற்றப்பட்டு, நான்காம் நிலையான செரி டீயில் புதிய கழகமாகத் தொடங்க வேண்டி வந்தது.

எங்களை அழித்தது அந்த விற்பனை அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாலெர்மோ ரசிகர்களிலேயே பலர் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களோடு இந்த வாதத்தைப் பல வருடமாக நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் பெரும்பாலான மைதானங்கள் நகரசபைகளுக்குச் சொந்தமானவை. எங்கள் ரென்சோ பார்பெராவும் அப்படித்தான். சொந்த மைதானத்தால் வரும் வருமானம் நடுத்தரக் கழகத்துக்குக் கிடையாது, தொலைக்காட்சிப் பணத்தில் பெரிய பங்கு பெரிய கழகங்களுக்கே. மிஞ்சுவது வீரரை விற்று வரும் இலாபம். ஒரு வீரரை நான்கு வருட ஒப்பந்தத்தில் 8 மில்லியன் யூரோவுக்கு வாங்கினால், கணக்கில் வருடத்துக்கு 2 மில்லியனாகச் செலவு எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து 20 மில்லியனுக்கு விற்றால் மீதிப் பெறுமதி 4 மில்லியன் போக, 16 மில்லியன் அந்த ஆண்டின் இலாபம். கழகங்களின் கணக்காண்டு பெரும்பாலும் ஜூன் 30இல் முடிவதால்தான் ஜூன் கடைசியில் இவ்வளவு அவசரம். இதைத் துரோகம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கழகங்கள் உயிர்வாழும் வழி அதுதான்.

2002இல் மவுரிசியோ சம்பரினி எங்கள் கழகத்தை வாங்கினார். அதற்கு முன் வெனேசியாவின் உரிமையாளராக இருந்தவர், வரும்போது அங்கிருந்த வீரர்களில் பலரையும் கூடவே கொண்டுவந்தார். 2004இல் லூகா டோனி இரண்டாம் நிலையான செரி பீயில் 30 கோல் அடித்தார். முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த ஊர் முதல் நிலையான செரி ஆவுக்கு ஏறியது. அப்போது நான் சின்னப் பையன். எங்கள் ஆட்கள் ஞாயிறு காலையில் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சைவக் குடும்பங்களும் சரி, எங்களைப் போன்ற வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பங்களும் சரி, எல்லோரும் ஏறுவோம். மலையடிவாரத்தில்தான் மைதானம். அப்பா ஒரு வீட்டில் வேலை செய்தார். அந்த வீட்டுக்காரர் சில நாட்களில் தன் பருவச்சீட்டை எங்களுக்குத் தருவார். பாலெர்மோவின் இளஞ்சிவப்புச் சீருடை எனக்குள் வந்த வழி இதுதான்.

டோனியை 2005இல் பியோரென்தினாவுக்கு விற்றார்கள். அடுத்த பருவத்தில் அவர் அங்கே 31 கோல் அடித்தார். ஊர் கொதித்தது. ஆனால் 2006இல் உலகக் கிண்ணம் வென்ற இத்தாலி அணியில் பாலெர்மோ வீரர்கள் நான்கு பேர் இருந்தார்கள்: பார்சாலி, சக்கார்தோ, பரோனே, குரோஸோ. இறுதியாட்டத்தின் கடைசிப் பெனால்டியை அடித்த குரோஸோ அந்தக் கோடையிலேயே இன்டருக்குப் போனார். சரி, அவர் போனார். 2007 ஜனவரியில் உருகுவேயிலிருந்து கவானி என்றொரு மெலிந்த பையன் வந்தான். கவானி 2010இல் நாபோலிக்குப் போனபோது எங்களிடம் பாஸ்தோரே இருந்தான். அதே ஓகஸ்டில் ஐரோப்பா லீக் தகுதிச் சுற்றில் மாரிபோர் அணியோடு மோதினோம். அந்த எதிரணியில் கண்ட இலிசிச்சை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் போக இன்னொருவர் வந்துகொண்டே இருந்தார்.

அது தற்செயல் இல்லை. 2008 வரை ரினோ ஃபொஸ்கி, அதற்குப் பிறகு வால்தெர் சபாத்தினி என்று இரண்டு விளையாட்டுப் பணிப்பாளர்கள் இருந்தார்கள். யாரை விற்றால் யாரை வாங்குவது என்பது அவர்கள் தலையில் முன்கூட்டியே இருந்தது. சபாத்தினி 2010 நவம்பரில் விலகினார். ஆட்டக்காரர் யாரும் போகாத நாள் என்பதால் ஊரில் அதைப் பெரிதாக யாரும் கதைக்கவில்லை. என் கணக்கில் பாலெர்மோவின் வீழ்ச்சி அன்றுதான் தொடங்கியது.

இனி 2011. அந்தப் பெப்ரவரியில் சொந்த மைதானத்தில் உதீனெசேயிடம் 7–0 என்று தோற்றோம். பயிற்சியாளர் தெலியோ ரோஸியை நீக்கினார் சம்பரினி. முந்தைய பருவத்தில் எங்களை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுவந்த மனிதர் அவர். கொஸ்மி வந்தார், சிசிலியிலேயே எங்கள் பரம எதிரியான கத்தானியாவிடம் 4–0 தோற்றதும் அவரும் போனார், திரும்ப ரோஸியே வந்தார். மே 29இல் ரோமில் கொப்பா இத்தாலியா இறுதியாட்டம், இன்டரிடம் 3–1 தோல்வி. ஆனாலும் அந்த இரவு பாலெர்மோவில் ஒருவர் முகத்திலும் வெட்கம் இருக்கவில்லை. இதே அணி இன்னும் ஒரு வருடம் சேர்ந்து விளையாடினால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தப் பள்ளி விடுமுறையில் நான் பல்லாரோச் சந்தையில் ஒரு பழக்கடையில் உதவிக்கு நின்றேன். காலையில் பெட்டிகள் இறக்கும்போதே வாங்குவது விற்பது பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். ரோஸி போய்விட்டார், ஸ்தெபானோ பியோலி வந்தார். எங்கள் கோல்காப்பாளர் சிரிகு பாரிசுக்கு. பிறகு பாஸ்தோரேயும் பாரிசுக்கு, 40 மில்லியன் யூரோவுக்கு மேல். கத்தானியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவன். கடை முதலாளி அன்று பத்திரிகையை மடித்து, தராசுக்குக் கீழே வைத்துவிட்டு மத்தியானம் வரை ஒருவரோடும் கதைக்கவில்லை. வீட்டில் அப்பா கேட்டார்: "நல்லா விளையாடுறவனை எல்லாம் வித்துப்போட்டு, நாங்கள் ஆரைத் தம்பி பாக்கப் போறது?" எனக்கு அந்தளவு பயம் இருக்கவில்லை. கவானி போனபோதும் இப்படித்தானே கேட்டீர்கள் என்றேன்.

பிறகு சுவிஸின் தூன் கழகத்தோடு 2–2, 1–1 என்று சமன்செய்து, வெளியூர்க் கோல் கணக்கில் (மொத்தம் சமமானால் வெளியூரில் கூடுதலாக அடித்த அணிதான் அப்போது முன்னேறும்) ஐரோப்பா லீக்கை விட்டு வெளியேறினோம். வீரர்களின் வேலைநிறுத்தத்தால் லீக்கின் முதல் வாரம் தள்ளிப்போயிருந்தது. ஓகஸ்ட் 31 அன்று பியோலியை நீக்கிவிட்டார்கள். ஒரு லீக் ஆட்டம்கூட நடக்கவில்லை! ஒரு கோடை முழுக்க வீரர்களைப் பழக்கியவர் அவர். அவருடைய ஆட்டமுறைக்கென்று ஆட்களை வாங்கிவிட்டு, சந்தை மூடும் நாளில் அவரையே அனுப்பினால் அந்த வீரர்களை வைத்து யார் என்ன செய்வது? பாஸ்தோரே போனபோது வராத கோபம் எனக்கு அன்றுதான் வந்தது.

இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த தேவிஸ் மாஞ்சாவைப் பொறுப்பில் வைத்தார்கள். செப்டெம்பர் 11, முதல் ஆட்டம், சொந்த மைதானத்தில் இன்டரோடு. அப்பாவும் நானும் போனோம். 4–3 வென்றோம். மிக்கோலி இரண்டு அடித்தார். அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு நேரில் பார்த்ததில்லை. என் பக்கத்தில் இருந்த முதியவர் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். "இந்தப் பையன் மிஸ்டரை விட்டுவைப்பார்களா?" (இங்கே பயிற்சியாளரை மிஸ்டர் என்பார்கள்) என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது. விட்டுவைக்கவில்லை. டிசம்பரில் கத்தானியாவிடம் தோற்ற பிறகு மாஞ்சாவும் போனார்.

அந்த 4–3 ஆட்டத்தில் இன்டரின் பயிற்சியாளர் ஆசனத்தில் இருந்தவர் காஸ்பெரினி. சில நாட்களில் இன்டர் அவரை நீக்கியது. அடுத்த வருடம் எங்களிடம் வந்தார். 2012–13 பருவத்தில் எங்கள் பயிற்சியாளர் வரிசை இது: சன்னினோ, காஸ்பெரினி, மலெசானி, திரும்பக் காஸ்பெரினி, திரும்பச் சன்னினோ. செரி பீக்கு இறங்கினோம். நீக்கியவரையே திரும்ப அழைப்பது வெளியில் இருப்பவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். நீக்கினாலும் ஒப்பந்தம் முடியும்வரை அவருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருக்கும், அதனால் புதிதாக ஒருவருக்குக் கொடுப்பதைவிடப் பழையவரை அழைப்பது மலிவு. பாஸ்தோரேயையும் பிறகு ஆர்ஜென்டினா வீரர் திபாலாவையும் விற்றுச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி இப்படி வீட்டில் இருந்த பயிற்சியாளர்களுக்குப் போனது.

எங்கள் ஊர் விரட்டிய பியோலி 2022இல் மிலானோடு ஸ்குதெத்தோ, அதாவது செரி ஆ பட்டம், வென்றார். ஒரே பருவத்தில் இரண்டு முறை நீக்கிய காஸ்பெரினியை அட்டலாண்டா 2016 முதல் 2025 வரை வைத்திருந்தது. அட்டலாண்டாவும் ஒவ்வொரு கோடையும் விற்றது. 2024இல் டப்ளினில் லெவர்குசனை 3–0 வென்று ஐரோப்பா லீக்கைத் தூக்கியது. அங்கே 2022 வரை வாங்கல் விற்றலைப் பார்த்தவர் ஜொவான்னி சர்தோரி. பிறகு அவர்தான் உங்கள் போலோஞ்ஞாவுக்கு வந்தார். நான் சொல்ல வருவது இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன்.

சம்பரினி 2022இல் காலமானார். இறந்தவரைத் தாக்குகிறேன் என்று யாரும் வர வேண்டாம். அவர் இல்லாவிட்டால் நான் செரி ஆவையே பார்த்திருக்க மாட்டேன். கவானி, பாஸ்தோரே, திபாலா மூவரையும் என் ஊரில் பார்த்தேன் என்றால் அது அவர் பணம். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு நடந்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

திபாலா பெயர் வந்ததால் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே இருந்து வரும் ஐரோப்பிய ஒன்றியம் சாராத வீரர்களின் எண்ணிக்கைக்கு இத்தாலியில் வரம்பு உண்டு. அதனால் ஆர்ஜென்டினாவிலிருந்து வரும் வீரருக்கு இத்தாலிய முன்னோர் யாரும் உண்டா என்று தேடுவார்கள். திபாலா 2012 கோடையில் வந்தார், அந்த ஓகஸ்டிலேயே இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நான் பாலெர்மோவில் பிறந்தவன். வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை 18 வயதுவரை இடைவிடாமல் வசித்து, 19 ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். நான் குழந்தையாக இருந்தபோது வீடு மாறிய இடைவெளியில் சில மாதங்கள் பதிவில் இல்லை என்று ஓர் அலுவலகம் என்னை அலையவைத்தது. தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம் எல்லாம் கொண்டு திரிந்தேன். என் தம்பி ஒரு சிறுவர் அணியில் சேர்ந்தபோது, மற்றப் பிள்ளைகள் ஒரே நாளில் பதிந்தார்கள், அவனுக்கு மட்டும் பத்திரம் மேல் பத்திரம் கேட்டார்கள், பருவத்தின் தொடக்கம் போய்விட்டது. இங்கே வளரும் சிறுவர்களின் விளையாட்டுப் பதிவை இலகுவாக்கிய சட்டம் 2016இல்தான் வந்தது. திபாலாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவருடைய கோல்களுக்குத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். பாலெர்மோ மொழியில் கனவு காணும் ஒரு பிள்ளையை இந்த நாடு அத்தனை வருடம் வெளியாள் என்றது இன்னும் ஆறவில்லை. அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாலெர்மோ 2022இல் செரி பீக்கு ஏறியது, அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி குழுமம் வாங்கியது, ஏற்றிவைத்த பயிற்சியாளர் பால்தினி சில வாரங்களில் தானாகவே விலகிவிட்டார். அதன்பின் கொரினி, மிஞ்ஞானி, தியோனிசி, 2025 கோடையில் பிலிப்போ இன்சாகி. பெயர்கள் மாறினாலும் நான் பார்க்கிறேன், அப்பாவும் பார்க்கிறார். உங்கள் கழகத்தை விடாதீர்கள். ஜூனில் யார் விற்கப்படுகிறார் என்ற செய்திக்குப் பொங்காதீர்கள். விளையாட்டுப் பணிப்பாளர் இருக்கிறாரா, ஜூலையில் மலை முகாமில் அணியைப் பழக்கும் பயிற்சியாளரே ஓகஸ்ட் கடைசியிலும் இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அடுத்த கவானி எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறான். இரண்டுக்கும் இல்லை என்றால் உங்கள் உரிமையாளருக்கு எதிராக மைதானத்தில் பதாகை பிடியுங்கள். நாங்கள் அதை மிகவும் தாமதமாகத்தான் பிடித்தோம்.