சென்னையிலிருந்து டொராண்டோ: அம்மா எந்த வழியாக வரலாம்?

தம்பி, திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவை முதல்முறையாக, அதுவும் தனியாக, டொராண்டோவுக்கு வரவழைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். சென்னையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், எந்த வழி நல்லது என்று கேட்டிருந்தீர்கள்.

நேர்தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அது ஆர்க்டிக் பக்கமாக ஏறி இறங்கும். ஆனால் சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. லண்டன் வழியாக வந்தால் ஏறக்குறைய 13,900, துபாய் வழியாக வந்தால் 14,000. சுற்றி வருவதால் கூடுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். அதனால் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிடுங்கள். எப்படி வந்தாலும் ஆகாயத்தில் பதினெட்டு, பத்தொன்பது மணி நேரம். அது எப்படிப் பிரிகிறது, நடுவில் எவ்வளவு காத்திருக்க வேண்டும், இந்த இரண்டையும் பாருங்கள்.

துபாய் வழியில் முதலில் நான்கு மணி நேரம் சொச்சம், அப்புறம் ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம். லண்டன் வழியில் முதலில் பத்தரை, பதினொன்று, அடுத்தது எட்டு. மூட்டுவலிக்காரர்களுக்குப் பதினான்கு மணி நேரம் ஒரே இருக்கை பெரும்பாடு. என்னைக் கேட்டால் லண்டன்தான். துபாயில் தமிழோ மலையாளமோ பேசும் யாராவது கண்ணில் படுவார்கள் என்பது உண்மை. ஆங்கிலத்துக்குப் பயந்தவர் என்றால் அதுவும் ஒரு தெம்பு.

டிக்கெட்டில் இருக்கும் மணியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு பக்கமும் உள்ளூர் நேரம்தான் போட்டிருப்பார்கள். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு அன்றே மாலை 4 மணிக்கு இறங்குவதாக இருந்தால், பதின்மூன்று மணி நேரம்தானே என்று தோன்றும். கோடையில் டொராண்டோவில் நாம் இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அதைக் கூட்டினால் இருபத்திரண்டரை. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை மாற்றியதும் வித்தியாசம் பத்தரை ஆகிவிடும்.

காத்திருப்பு மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேர இடைவெளி விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். முதல் விமானம் கொஞ்சம் தாமதமானாலும் அம்மா ஓட வேண்டியிருக்கும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருப்பது இதைவிட முக்கியம். அப்போதுதான் முதலாவது பிந்தி, அடுத்தது தவறிப்போனால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை, நடுவழியில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியும் வரலாம்.

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். தனிக் கட்டணம் கிடையாது. அம்மா கூச்சப்படுவார், நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காமல் ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். அடுத்த விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள், வழி கேட்டு அலைய வேண்டாம். இங்கே குடிவரவு வரிசையிலும் உதவி கிடைக்கும்.

இத்தோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவும் இருக்கிறது. அதே நாள் விமானம் ஏற்றாதீர்கள், சென்னையில் ஒரு நாள் தங்கட்டும். இங்கே விமானம் தரையிறங்கி அம்மா வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஸ்கார்பரோவிலிருந்துதானே வருவீர்கள்? மாலை நேரமென்றால் 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இருக்கும், முன்கூட்டியே கிளம்புங்கள். குளிர்காலமாக இருந்தால் அம்மாவின் அளவுக்கு ஒரு கோட்டு கையோடு எடுத்துப் போங்கள்.