மாமனாருக்கு வாட்ஸ்ஆப்பில்தான் சொல்வீர்களா?

கேள்வி: மகள் பிறந்து நான்கு மாதம் ஆகிறது. வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று பழங்கிரேக்கப் பெயர்களைத் தேடினோம். கசாண்ட்ரா, டாஃப்னி எல்லாம் பார்த்துவிட்டு 'கல்லியோப்பி' என்று முடிவு செய்து, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டோம். எங்களுடனேயே இருக்கும் மாமனார் மட்டும் பதில் போடவில்லை. குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. வாயில் நுழையவில்லை போலும். 'கல்லி' என்று சுருக்கலாமா, வேறு கிரேக்கப் பெயர் பார்க்கலாமா?
- கோவை வாசகி

பதில்: சுருக்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம். ஒரே வீட்டில் இருக்கும் பெரியவர், தன் பேத்தியின் பெயரைக் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குப் போன அதே செய்திதான் அவருக்கும். அடுத்த அறைக்கு எழுந்து போய்ச் சொல்ல உங்கள் இருவருக்குமே தோன்றவில்லையா? அதை உச்சரிப்புப் பிரச்சினை என்று எழுதுகிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். வாயில் நுழையாதவர் தப்பும் தவறுமாகவாவது கூப்பிட்டுப் பார்ப்பார். இவர் கூப்பிடவே இல்லை. மனம் நொந்துபோயிருக்கிறார் அம்மா.

பெயரை எடுத்த ஊரின் வழக்கத்தையும் பார்த்திருக்கலாம். பழைய ஏதென்ஸில் குழந்தை பிறந்த பத்தாம் நாள் உறவினரை அழைத்து, விருந்து வைத்துப் பெயர் சூட்டுவார்கள். மூத்த மகனுக்குப் பெரும்பாலும் தாத்தா பெயர்தான். சாக்ரடீஸ் தன் மகன் ஒருவனுக்குத் தன் அப்பாவின் பெயரான சோஃப்ரோனிஸ்கஸையே வைத்தார். கி.மு. 423இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனிஸின் 'மேகங்கள்' நாடகத்தில் பெயருக்காக ஒரு சண்டையே வருகிறது. அப்பாவுக்குத் தாத்தாவின் பெயரான ஃபெய்டோனிடிஸ் வேண்டும். பெரிய இடத்துப் பெண்ணான அம்மாவுக்கோ, குதிரையைக் குறிக்கும் 'ஹிப்போஸ்' பெயரில் இருந்தாக வேண்டும். கடைசியில் இரண்டையும் சேர்த்து ஃபெய்டிப்பிடிஸ் ஆக்கினார்கள். சண்டை போட்டாலும் முகத்தைப் பார்த்துப் போட்டார்கள். உங்கள் வீட்டில் அதுகூட நடக்கவில்லை.

கல்லியோப்பி நல்ல பெயர்தான். கலைத் தேவியர் ஒன்பது பேரில் காவியத்துக்கு உரியவள், இனிய குரலுடையவள். கசாண்ட்ராவை விட்டதும் நல்லதே. உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாதபடி சபிக்கப்பட்டவள் அவள். ஆனால் 'கல்லி' வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அது 'கள்ளி' ஆகிவிடும்.

முதலில் உங்கள் கணவர் போய்த் தன் அப்பாவின் பக்கத்தில் உட்காரட்டும். கேட்காமல் முடிவு செய்தது தவறு என்று அவரே சொல்ல வேண்டும். பெற்ற அப்பாவிடம் பேச மனைவியை அனுப்பக்கூடாது. அப்புறம் நீங்களும் போய், "உங்கள் மனசில் என்ன பெயர் இருந்தது மாமா?" என்று கேளுங்கள். அது அவருடைய அம்மாவின் பெயராக இருக்கலாம், மறைந்த மனைவியின் பெயராக இருக்கலாம். அதைக் கல்லியோப்பிக்கு முன்னால் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிடுவது என்பதை அவரே சொல்லட்டும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஆனால் அவரிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள், இன்று இரவே பேசுங்கள்.